பத்து ஸ்கொயர்

பள்ளத்தூரில் அந்த வீட்டை அளக்க
முப்பது மீட்டர் டேப் இரண்டு முறை தீர்ந்தது.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
ரபீக் அந்த முனையிலிருந்து போன் போட்டான்:
"அக்கா, இங்க வந்து சேர்றதுக்குள்ள
கரண்டுக்கே கால் வலிச்சிருக்கும்."

மெயின் போர்டில் இருநூற்று இருபத்தாறு.
நாலாம் கட்டில், கிரைண்டர் ஓடும்போது,
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
யாரும் திருடவில்லை. வழியில் சிந்தியது.
ஒல்லிக் கம்பி நெடுந்தூரம் போனால்
போகிற வழியெல்லாம் சுவருக்குக் கொஞ்சம்
சூடு கொடுத்துவிட்டுத்தான் போகும்.

உமையாள் ஐந்து அறைகளை
விருந்தினருக்கு விடப் போகிறார்.
ஐந்து ஏசி, ஐந்து கீசர்,
இட்லிக்கு ஒரு கிரைண்டர், கந்தரப்பத்துக்குத் தனியாக ஒன்று.
விளக்குக்கு ஒன்றரை, பிளக்குக்கு இரண்டரை,
ஏசிக்கு நாலு, பின்கட்டு போர்டு வரைக்கும் பத்து
என்று எழுதிக் கொடுத்தேன்.
பத்தில் அவர் விரல் நின்றது.

பினாங்கிலிருந்து சாத்தப்பன் வீடியோவில் வந்தார்.
பதினொரு பங்கில் ஒன்று அவருடையது.
"ஏழு-இருபது போட்டாப் போதுமே, அப்பல்லாம் அதானே?"
அது பழைய கணக்கு:
ஏழு இழை, ஒவ்வொன்றும் இருபதாம் நம்பர்.
அதில் நம்பர் ஏற ஏறக் கம்பி இளைக்கும்.
இப்போது நம்பர் ஏறினால் கம்பி பருக்கும், விலையும் பருக்கும்
என்றேன்.
இரண்டாவது மட்டும் அவருக்குக் கேட்டது.

பேசிக்கொண்டே பியூஸ் கட்டையை உருவினேன்.
பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில்
மூன்று சுற்றுச் செம்பு.
அடிக்கடி போகிறதே என்ற அலுப்பில் யாரோ முறுக்கியது.
அதற்கப்புறம் போயிருக்காது.
மேலே தேக்குக் கேசிங்கின் மூடியைக் கழற்றினால்
ரப்பர் கருவாட்டுத் தோலாய் உதிர்ந்தது.
கட்டையில் ஒரு முழத்துக்குக் கரி.

முதலில் விழ வேண்டியது பிரேக்கர்.
அது தாங்குவது கம்பி தாங்குவதைவிடக் குறைவாக இருக்கணும்.
மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்,
மற்றதெல்லாம் விலைப்பட்டியல்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி கம்மி.
புதுவயலில் ஒரு கல்யாண வீடு.
மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில்
இரண்டரைக் கம்பியில் இருந்த பதினாறு ஆம்பியர்
மூன்றாவது முறை விழுந்தது.
இருட்டில் எல்லா முகமும் என் பக்கம்.
முப்பத்திரண்டு மாட்டினேன்.
விளக்கு வந்தது, கை தட்டினார்கள்,
காபி கொடுத்தார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை.
மணிக்கொரு தடவை எழுந்து
சுவரோரம் ஓடும் பைப்பில் புறங்கை வைத்தேன்,
காய்ச்சல் பிள்ளைக்கு வைப்பதுபோல.
வெதுவெதுப்பு.
இரண்டு மணிக்கு அதற்கும் மேலே.
தாலி கட்டி முடிந்ததும்
கெட்டிமேளச் சத்தம் அடங்குமுன்
பழையபடி பதினாறை மாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.
ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஒன்றும் ஆகவில்லையை நம்பித்தான்
இந்தக் கட்டையிலும் யாரோ
செம்பு சுற்றியிருக்கிறார்.

உமையாளிடம் புதுவயலைச் சொல்லவில்லை.
கரிந்த தேக்கை மட்டும் மேசைமேல் வைத்தேன்.
அவர் அதை முகர்ந்து பார்த்தார்.
பிறகு ஆறுக்கும் பத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றார்.
சொன்னேன்.
கால்குலேட்டரில் ஏதோ தட்டினார், அழித்தார்.
"வடக்கு ரூமுக்கு ஏசி வேண்டாம், ஃபேன் போதும்.
கம்பியில மட்டும் கை வைக்காதீங்க."

இன்னொன்றும் சொன்னார்:
முட்டைப் பூச்சுச் சுவரை வெட்டக் கூடாது.
சரி, பைப் வெளியிலேயே போகட்டும் என்றேன்.
"பார்க்க அசிங்கமா இருக்குமே,"
போனுக்குள்ளிருந்து பினாங்கு.

இருக்கும்.
கை வைத்துப் பார்க்க வசதி.